பக்கவாத்தியம் இல்லாத பாட்டு

புதுச்சேரியின் வடபுறத்தில், கைத்தறிக்காரர்கள் பலர் வாழ்ந்த முத்தியால்பேட்டைத் தெரு ஒன்றில், உத்தரத்துக் கொக்கியிலிருந்து பழைய பருத்திப் புடவையைத் தூளியாகக் கட்டி, அதிலே பேரனைக் கிடத்தி ஆட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியின் தாலாட்டை ஒலிப்பதிவு செய்துவைக்க வேண்டும் என்ற ஆசையினால், சங்கீதத்தில் முறையான அப்பியாசம் உடைய நண்பர் ஒருவரும் நானும் பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பிற்பகலில் போயிருந்தோம். நண்பர் நல்லெண்ணத்தோடு தம்முடைய சுருதிப் பெட்டியையும் எடுத்து வந்திருந்தார். பெட்டி ஒலிக்கத் தொடங்கியது; மூதாட்டி இரண்டடி பாடினார்; மூன்றாவது அடியில் நிறுத்திவிட்டுப் பெட்டியை ஒரு பார்வை பார்த்து, "அது ஒரு பக்கம் அழுவுது, இவன் ஒரு பக்கம் அழுவுறான், நான் யாரத் தம்பி தூங்க வெக்கறது?" என்று கேட்டார். பெட்டி மூடப்பட்டது. அதன் பிறகு கால் மணி நேரம் அவர் பாடிய பாட்டுக்குக் கொக்கியில் உராய்ந்த புடவை முடிச்சின் கிறீச்சொலி ஒன்றே தாளம்; வேறு துணை எதுவும் இல்லை.

அன்றிரவு ஒலிநாடாவைப் போட்டுக் கேட்ட நண்பர், பாட்டு தொடங்கிய சுருதியிலிருந்து ஏறக்குறைய இரண்டு ஸ்வரம் கீழே இறங்கி முடிந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து, வயதானவரின் சாரீரத்தில் சுருதி நிற்கவில்லை என்று அபிப்பிராயம் சொன்னார். மறுநாள் இன்னொரு தடவை கேட்டபோது அவரே அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. குழந்தை வீறிட்ட இடத்தில் பாட்டின் குரல் அந்த வீறலின் உயரத்திலேயே எழுந்து அதைப் பிடித்துக்கொண்டது. குழந்தையின் அழுகை சிணுங்கலாகத் தணிந்தபோது குரலும் ஒரு படி இறங்கியது. சிணுங்கல் பெருமூச்சானபோது இன்னும் ஒரு படி இறங்கியது. அந்தப் பாட்டுக்கு ஆதார சுருதி இல்லாமல் இல்லை. அது தூளிக்குள்ளே கிடந்தது. எங்கள் பெட்டிதான் அங்கே வேண்டாத இரண்டாவது சுருதி.

இசையரங்கு வழக்கிலே பழகிய நமக்குப் பக்கவாத்தியம் என்ற சொல்லே ஒரு தப்பான நினைவை உண்டாக்கிவிடுகிறது. பிடிலும் மிருதங்கமும் இல்லாத கச்சேரியை ஏதோ ஒரு சங்கடத்தால் நேர்ந்த குறையாகவே எண்ணுகிறோம். அந்த எண்ணத்தை அப்படியே நாட்டுப் பாட்டின் மேலும் ஏற்றி, ஏழை ஜனங்கள் வாத்தியத்துக்கு வழியில்லாமையால் வெறும் மிடற்றினால் பாடினார்கள் என்று முடிவுகட்டிவிடுகிறோம். இது சரியன்று. பம்பையும் உடுக்கையும் பறையும் நாகசுரமும் நம் கிராமங்களில் எந்தக் காலத்திலும் இல்லாமல் இருந்ததில்லை. தெருக்கூத்துக்கு ஆர்மோனியம் வந்தபோது அதையும் மறுக்காமல் ஏற்றுக்கொண்ட நாடு இது. வாத்தியத்தை வேண்டிய இடத்தில் தாராளமாக வைத்துக்கொண்ட அதே ஜனங்கள் சில பாட்டுகளுக்கு அருகில் அதை வரவிடவே இல்லை என்றால், அதற்குக் காரணம் அந்தப் பாட்டுகளுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

எல்லா நாட்டுப் பாட்டும் இவ்வகையில் சேராது. நடவுப் பாட்டில் ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கும்மியில் கைகளே தாளக் கருவி. வலை இழுக்கும் மீனவர்களின் பாட்டு பல தோள்களுக்கு ஒரே கணத்தில் விசை சேர்ப்பதற்காக ஏற்பட்டது. இவை கூட்டத்தின் பாட்டுகள். தனி ஒருவர், ஒரு கருவியின் துணையும் இன்றி, தம் மூச்சு ஒன்றையே நம்பிப் பாடுவன என்று புதுவை வட்டாரத்திலும் அதை அடுத்த பழைய தென்னார்க்காட்டிலும் விசேஷமாகச் சொல்லத்தக்கவை தாலாட்டும் ஏற்றப்பாட்டும் ஒப்பாரியும்.

தாலாட்டு என்ற பெயரிலேயே விஷயம் அடங்கியிருக்கிறது. தால் என்பது நாக்கு. நாவை ஆட்டி எழுப்பும் ஒலி தாலாட்டு என்றே அறிஞர் பலரும் பொருள் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் தாலப் பருவம் என்று ஒரு பருவத்தையே வகுத்து வைத்ததும், அவர்களுக்கு முன்பே பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலில் இட்டுப் பாடியதும் இந்த நாவசைப்பை இலக்கியத்துக்குள் கொண்டுவந்த முயற்சிகளே. புதுவையிலேயே பிறந்து வளர்ந்த பாரதிதாசன் (1891–1964) ஆண் குழந்தைக்கு ஒன்றும் பெண் குழந்தைக்கு ஒன்றுமாகத் தாலாட்டு எழுதினார். தொட்டிலுக்கு வெளியே இருக்கும் உலகத்தை மாற்ற எண்ணிய கவிஞர்கூடத் தொட்டிலிலிருந்தே தொடங்கவேண்டும் என்று கருதியது கவனிக்கத்தக்கது. ஆயினும் எழுதிய தாலாட்டில் அடிகள் ஓரளவில் நிற்கின்றன. பாடும் தாலாட்டில் அப்படி நிற்பதில்லை. முத்தியால்பேட்டை மூதாட்டியின் பாட்டில் ஓர் அடி எவ்வளவு நீளம் என்பதை அவருடைய மூச்சும் தூளி போய் வரும் காலமும் சேர்ந்தே நிர்ணயித்தன. மாமன் கொண்டுவரும் சீர்வரிசைகளை அடுக்கும் இடத்தில் சொற்கள் நெருங்கி விரைந்தன. குழந்தையை விளிக்கும் இடத்தில் ஒரே உயிரெழுத்து தூளி இரண்டு தடவை போய்வரும் அளவுக்கு நீண்டது. இத்தகைய பாட்டுக்கு மிருதங்கம் வாசிக்க எந்த வித்வான் வந்தாலும் ஒன்று அவர் தவிப்பார், அல்லது பாட்டியைத் தம் தாளத்துக்கு இழுத்துவிடுவார். இரண்டாவது நிகழ்ந்தால் குழந்தை விழித்துக்கொள்ளும்.

ஏற்றப்பாட்டின் கதை வேறு. மேலே துலாவில் ஆட்கள் முன்னும் பின்னுமாக நடக்க, கீழே கிணற்றோரத்தில் நின்று சாலைத் தாழ்த்தி, நிறைத்து, மேலே வந்ததும் வாய்க்காலில் கவிழ்ப்பவனே பாட்டுக்காரன். ஒரு சால் நீருக்கு ஓர் அடி. அடிக்குள்ளே எண்ணிக்கையையும் வைத்துப் பாடுவதால் பாட்டே கணக்குப் புத்தகமும் ஆகிறது. துலாவின் முனகலும், சால் நீரில் அமிழும் ஓசையும், கவிழ்ந்த நீர் வாய்க்காலில் விழும் ஓசையும் முறை மாறாமல் வந்துகொண்டிருக்கும்போது இன்னொரு தாளக் கருவிக்கு அங்கே என்ன வேலை? ஏற்றப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்ற பழமொழியும், ஏற்றக்காரன் பாதியில் விட்டுப்போன அடியின் மறுபாதி என்னவாக இருக்கும் என்று கம்பரே இரவெல்லாம் திகைத்து நின்றதாக வழங்கும் கர்ணபரம்பரைக் கதையும் இந்தப் பாட்டுக்கு ஜனங்கள் கொடுத்த ஸ்தானத்தைத் தெரிவிக்கின்றன. ஆயில் எஞ்சினும் மின்சார மோட்டாரும் வந்த பிறகு ஏற்றம் போயிற்று. ஏற்றம் போனபின் பாட்டும் போயிற்று. வேலையின் ஓசையையே வாத்தியமாகக் கொண்ட பாட்டு வேலை நின்றபின் தனியே நிற்க இடமில்லை.

இப்பாட்டுகளைக் காதாரக் கேட்ட ஒருவர் புதுவையில் வாழ்ந்தார். 1908 முதல் 1918 வரை பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த இந்நகரிலே தங்கியிருந்த சுப்பிரமணிய பாரதியார், ஊருக்கு மேற்கே உள்ள மாஞ்சோலை ஒன்றைக் களமாக வைத்துப் பாடிய 'குயில் பாட்டு' என்னும் காவியத்தில், தாம் நெஞ்சைப் பறிகொடுத்த ஒலிகளைக் குயிலின் வாயிலாக வரிசைப்படுத்துகிறார். பறவையும் காற்றும் ஆறும் கடலும் முதலில் வருகின்றன. அடுத்து மனிதக் குரல் வருகிறது. ஏற்றம் இறைப்பவர், நெல் குற்றும் பெண்கள், சுண்ணம் இடிப்பவர், பண்ணையில் வேலை செய்யும் மகளிர், வட்டமிட்டுக் கும்மி கொட்டுவோர் ஆகிய இவர்களுடைய பாட்டுகளையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் குழலும் வீணையும் இடம் பெறுகின்றன. சுண்ணம் என்பதை வாசனைப் பொடி என்று கொள்வாரும் உண்டு. கட்டட வேலைக்குச் சுண்ணாம்பு இடிப்பவர்கள் என்றே நான் கொள்ள விரும்புகிறேன். இந்நகரத்துப் பழைய வீடுகளின் வழவழப்பான சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்புக்குள் எத்தனை பாட்டு இடிபட்டிருக்கும் என்று தோன்றாமல் இராது. எது எப்படியாயினும், வீணையை ரசிக்கத் தெரிந்த கவிஞர் ஒருவர் அதை வரிசையின் கடைசியில் வைத்தார் என்பது வெறும் யாப்பின் நிர்ப்பந்தத்தால் நேர்ந்தது என்று நான் நினைக்கவில்லை.

இந்த மரியாதை பழைய நூல்களிலும் இல்லாமல் இல்லை. தொல்காப்பியச் செய்யுளியல் பண்ணத்தி என்று ஒருவகைப் பாட்டைக் குறிப்பிட, உரை வகுத்த பேராசிரியர் அதை எழுதும் பயிற்சி இல்லாத வழக்கைச் சேர்ந்ததாக விளக்குகிறார். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானையும் கந்துகமும் ஊசலும் வள்ளையும் வருகின்றன. நெல் குற்றும் பெண்ணின் பாட்டாகிய வள்ளைக்கு உலக்கை போதும். ஆனால் புலவர்கள் எடுத்தாண்டது வடிவத்தை மட்டுமே. பாடிய பெண்ணின் பெயரையோ அவள் எதற்காகப் பாடினாள் என்பதையோ அறிந்துகொள்ள அவர்கள் மெனக்கெடவில்லை.

ஒப்பாரிக்கு வருவோம். இதைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு சொல்வழக்கைக் கவனிக்க வேண்டும்: எங்கள் பக்கத்தில் ஒப்பாரி 'பாடினாள்' என்று யாரும் சொல்வதில்லை, ஒப்பாரி 'வைத்தாள்' என்பதே வழக்கு. பாட்டு என்றால் சந்தோஷத்துக்கு உரியது, கேட்பவர்க்காகப் பாடப்படுவது; இது அப்படிப்பட்டதன்று என்ற தெளிவு அந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. சாவு விழுந்த வீட்டுக்கு வெளியூரிலிருந்து வரும் உறவுக்காரப் பெண் தெருமுனையிலேயே குரலெடுத்துவிடுவாள். உள்ளே நான்கைந்து பெண்களாகத் தோள்மேல் கைபோட்டுத் தலையோடு தலை சேர்த்து வட்டமாக உட்கார்ந்து அசைந்துகொண்டிருக்கும்போது, ஒருத்தி அடியெடுப்பாள். அடியின் முடிவில் குரல் உடைந்து விசும்பலாகும். அந்த விசும்பலே அடுத்த அடிக்கு மூச்சு சேர்க்கும் இடம். வாசலில், பந்தலுக்கு வெளியே, ஆண்கள் பறை அடித்துக்கொண்டிருப்பார்கள். பறையின் தாளம் ஒப்பாரிக்குள்ளே நுழைவதும் இல்லை; ஒப்பாரி அதைத் தேடுவதும் இல்லை. பத்தடி தூரத்தில் இரண்டு உலகங்கள் ஒன்றையொன்று கவனியாமல் நடந்துகொண்டிருக்கும். ஊருக்குச் சாவை அறிவிப்பது பறை; ஒப்பாரிக்கு அந்த வேலை இல்லை.

பின் அதற்கு என்ன வேலை? தென்னார்க்காட்டுப் பகுதியில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசே 2005இல் வெளியிட்ட நூலுக்கு 'இறந்தவருக்காக எவரும் அழுவதில்லை' என்ற கருத்துப்படப் பெயரிட்டார். ஒப்பாரி வைக்கும் பெண்கள் பிணத்தை முன்னிட்டுத் தங்கள் சொந்தத் துக்கத்தையே எடுத்து வைக்கிறார்கள் என்பது அப்பெண்களிடமிருந்தே அவர் தெரிந்துகொண்ட செய்தி. பிறந்த வீட்டை விட்டு வந்தது, மாமியார் சொல், கணவனின் குடி, பிள்ளை இல்லாமை அல்லது பிறந்த பிள்ளையின் மரணம் ஆகிய, பிற நாட்களில் வாய்விட்டுச் சொல்ல வழியில்லாதவையெல்லாம் அன்று சபையேறுகின்றன. சொல்லுகிறவள் அழுதுகொண்டிருப்பதால் குற்றம் சொல்வாரில்லை. அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று பாடுகிறவளுக்கே முன்கூட்டித் தெரியாத இந்தப் பாட்டுக்கு உடன்வாசிக்க யாரால் முடியும்? அயர்லாந்தின் மேற்குக் கரையில் 'சான் நோஸ்', அதாவது பழைய முறை, என்று பெயர் பெற்ற தனிக்குரல் பாட்டும் இவ்வாறே துணைக்கருவி இன்றிப் பாடப்படுவது. அங்கே பக்கத்தில் இருப்பவர் சில வேளைகளில் பாடுகிறவரின் கையைப் பற்றிக்கொண்டு பாட்டின் போக்கில் மெல்லச் சுழற்றுவார். தோள்மேல் விழும் கையும் விரலைப் பற்றும் கையும் அந்தப் பாட்டுகளுக்குக் கிடைத்த பக்கத்துணை.

இவ்விஷயத்தில் புதுவைக்கு அருகிலேயே நடந்த ஒன்றைப் போல் தெளிவான சான்று வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. தம் வாழ்க்கையைச் சொல்லும் நூலில் காரணி என்று பெயரிடப்பட்டிருக்கும் ஒரு கிராமத்தைச் சேர்ந்த விரம்மா என்பவர் பண்ணைக் கூலியாக உழைத்தவர், பிரசவம் பார்த்தவர், குழந்தைப் பருவத்திலேயே மணமாகிப் பெற்ற பிள்ளைகளில் பலரைப் பறிகொடுத்தவர், தாலாட்டும் ஒப்பாரியும் அவர் வாழ்க்கையோடு ஒட்டிக் கிடந்தவை. இசையினவியல் ஆய்வாளரான ஜோஸியான் ரஸீன் அவரோடு தமிழிலேயே ஏறத்தாழப் பத்தாண்டுகள் பேசியும் கேட்டும் வந்தார். பாட்டில் நாட்டம் உடைய ஒருவரின் கையில் கடைசியில் சேர்ந்தது பாட்டுத் தொகுதியன்று, ஒரு வாழ்க்கை. ஜோஸியானும் அவர் கணவரான புவியியலாளர் ஜான்-லுய்க் ரஸீனும் விரம்மாவோடு சேர்ந்து ஆக்கிய அந்த நூல் 1995இல் பாரிசில், ஜான் மலோரி நிறுவிய 'மனித பூமி' என்னும் புகழ்பெற்ற வரிசையில் வெளிவந்தது, 1997இல் ஆங்கிலமாயிற்று. தமிழில் சொல்லப்பட்ட கதை முதலில் பிரெஞ்சில் அச்சேறியது நமக்குப் பெருமை தரும் செய்தியன்று.

பாட்டைத் தேடிப் போனவர் கையில் வாழ்க்கை வந்து சேர்ந்ததை ஒரு தற்செயல் நிகழ்ச்சியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. வாத்தியத்தோடு பாடும் பாட்டைப் பாடுகிறவரிடமிருந்து பிரித்து எடுத்துவிடலாம். மெட்டு இருக்கிறது, தாளம் இருக்கிறது, வேறொருவர் கற்றுப் பாடலாம். தனிமிடற்றுப் பாட்டிலே ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை முழுவதும் கூடவே வந்துவிடுகிறது. விரம்மா நூலின் பிரெஞ்சுத் தலைப்பில் உள்ள 'பரியா' என்ற சொல்லும் யோசிக்க வைக்கிறது. பறை என்னும் கருவியின் பெயரோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் நம்முடைய ஜாதிப் பெயர் ஐரோப்பிய மொழிகளுக்குப் போய், ஒதுக்கப்பட்டவர் யாவருக்கும் பொதுப் பெயராயிற்று. ஒரு ஜனத்தை உலகம் ஒரு வாத்தியத்தைக் கொண்டு அறிந்தது. அந்த ஜனத்தைச் சேர்ந்த பெண்ணின் கலைக்கோ எந்த வாத்தியமும் வேண்டியிருக்கவில்லை.

இத்தகைய பாட்டைப் படித்தவர்கள் கண்டெடுக்கும்போது என்ன நேர்கிறது என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஓர் உதாரணம். 1903இல் சாமர்செட் பகுதியில் ஹாம்பிரிட்ஜ் என்ற ஊரில், ஜான் இங்லண்ட் என்ற தோட்டக்காரர் வேலை செய்துகொண்டே பாடியதைக் கேட்டு செசில் ஷார்ப் என்பவர் அதைக் குறித்துக்கொண்டார். அன்றைக்கே அதற்குப் பியானோ பின்னணி அமைத்து ஒரு விருந்திலே வேறொருவரைப் பாடவும் வைத்தார். அந்தப் பாட்டு விருந்துடை உடுத்தியது இதுவே முதல் தடவை என்று கேட்டவர்கள் மகிழ்ந்தார்களாம். தோட்டக்காரருக்குப் பெருமைதான், ஆனால் அந்த உடையைப் பற்றி மட்டும் அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்ததாம். நாட்டுப் பாட்டின் மீட்சிக்கு ஷார்ப் செய்த தொண்டு பெரிது என்பதில் ஐயமில்லை; எனினும் அந்தத் தோட்டக்காரரின் சந்தேகத்தை ஆராய்ச்சியாளர்கள் இன்னும் முழுவதும் தீர்த்துவைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. பிரெஞ்சுக் கம்பெனியின் கப்பல்கள் புதுச்சேரியை நோக்கிப் புறப்பட்ட லோரியான் துறைமுகம் பிரான்சைச் சேர்ந்த பிரித்தானி நாட்டில் உள்ளது. துறையின் பெயரே கீழ்த்திசை என்று பொருள்படும். அந்த நாட்டுக் குடியானவர்கள் கருவித் துணையின்றித் தனிக்குரலில் பாடிவந்த நீண்ட சோகக் கதைப்பாட்டுக்கு 'குவேர்ஸ்' என்று பெயர். 1839இல் லா வில்மார்க்கே என்பவர் அத்தகைய பாட்டுகளை அழகுற வெளியிட்டார். சொற்களை அவரே திருத்தி மெருகேற்றிவிட்டார் என்று லுஸேல் என்பவர் 1872இல் குற்றம் சாட்டினார். தகராறு நூறாண்டுக்கு மேல் நீடித்து, லா வில்மார்க்கேயின் குறிப்பேடுகளை ஆராய்ந்த தோனாசியான் லோரான் 1989இல் நூல் வெளியிட்ட பின்னரே, அவர் உண்மையாகவே ஊர் ஊராகக் கேட்டு எழுதியவர் என்பது நிலைபெற்றது. கேட்டபடியே எழுதிய குறிப்பு ஒன்று எஞ்சியிருந்தால் எவ்வளவு பெரிய வழக்கும் தீரும் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

நம்மிடம் அப்படிப்பட்ட குறிப்புகள் குறைவு. பெர்சி மக்வீன் என்ற ஆங்கில அதிகாரி சேர்த்துவைத்த பாட்டுகளைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1958இல் 'மலையருவி'யாக வெளியிட்டது, நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964இல் வந்தது. இவர்கள் சேர்த்திராவிட்டால் சொற்களும் மிஞ்சியிரா. கதைத் துறையில் கி. ராஜநாராயணன் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, இந்த வட்டாரத்து நாட்டுப்புறக் கதைகளைச் சொல்பவர்களின் நாக்கு மாறாமல் எழுதிவைக்கும் வழியைக் காட்டினார். 2021 மே மாதம் புதுவையிலேயே மறைந்தார். பாட்டுக்கு அப்படி ஒரு வழி ஏற்படவில்லை. சினிமாவில் 1976இல் 'அன்னக்கிளி' வந்த பிறகு நாட்டு மெட்டு என்றாலே வாத்தியக் கோஷ்டியோடு கேட்பது என்றாகிவிட்டது. அந்தப் பாட்டுகள் எனக்குப் பிடிக்கும். அவை வேறு ஜாதி என்பது மட்டுமே என் கட்சி. நான் போயிருந்த ஒரு நாட்டுப்புறக் கலைப் போட்டியில், தனியே ஒப்பாரி வைக்க வந்த ஒரு நடுவயதுப் பெண்ணை, வாத்தியக்காரர் இருவராவது உடன் இல்லாவிட்டால் விதிப்படி மேடையேற்ற முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மாள் படியிறங்கும்போது கேட்டது நியாயமான கேள்வி: "சாவு வீட்டுக்கு நான் ஆள் கூட்டிக்கிட்டா போறேன்?"

வாசகர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தாலாட்டோ ஒப்பாரியோ தெரிந்த ஒரு மூதாட்டி இன்னும் இருப்பாராயின், அவருடைய சம்மதத்தோடு கைப்பேசியிலேயே பதிவு செய்துவையுங்கள். சுருதிப் பெட்டி வேண்டாம், மேடை வேண்டாம். தாலாட்டானால் தூளியில் நிஜமான குழந்தை ஒன்று இருக்கட்டும். இடையில் அவர் நிறுத்திப் பேசினால் பேச்சையும் விடாமல் பிடியுங்கள். கொக்கியின் கிறீச்சொலியையும் தெருவில் போகிற மீன்காரியின் கூவலையும் பிற்பாடு கணினியில் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். பாடியவர் யார், எந்த ஊரில் பிறந்து எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டவர், இந்தப் பாட்டை யாரிடம் கேட்டார், யாருக்காகப் பாடினார், அன்று என்ன கிழமை என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பதிவோடு சேர்த்து வையுங்கள். எங்கள் முத்தியால்பேட்டை நாடாவில் இவற்றில் ஒன்றுகூட எழுதப்படவில்லை.